அசல் எது? தெமோதரையில் ஒரு மொறிஸ் மைனர்

தெமோதரைக்கு வருகின்றவர்கள் புகையிரத வளையத்தைப் பார்க்கவே வருகின்றார்கள். குன்று ஒன்றைச் சுற்றி இறங்கும் பாதை, தான் புறப்பட்ட நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தினுள் புகுந்து செல்லும் விந்தையைப் படம் பிடித்துக்கொண்டு அவர்கள் எல்ல பக்கமாகத் திரும்பிவிடுகின்றார்கள். அங்கிருந்து சிறிது தூரத்தில், பதுளை - பண்டாரவளைப் பெருந்தெருவின் ஓரமாக, தகரக் கூரை போட்ட ஒரு கராஜ் இருக்கின்றது. அதனை எவரும் படம் பிடிப்பதில்லை. ஆயினும் சரித்திரம் படிப்பிக்கும் ஒருவன் தன் மாணவரை அழைத்துச் சென்று காட்டத்தக்க பொருள் ஒன்று சில மாதங்களாக அங்கே கிடக்கின்றது.

அது 1957ஆம் ஆண்டில் செய்யப்பட்ட மொறிஸ் மைனர் கார். துணிக்கூரையை மடித்துப் பின்னால் சாய்த்துவிடக்கூடிய திறந்த வகை. மலைநாட்டில் மொறிஸ் மைனரைக் காணாத கண் இல்லை. ஆனால் இத்திறந்த வகை அரிது. கூரைத் துணி நைந்து போயிற்று. தளத்தகடு துருவேறி, ஓட்டுநரின் காலடியில் தரை தெரிகின்றது. பதுளையில் கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் இதனை வாங்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவர முற்பட்டிருக்கின்றார். நல்ல முயற்சிதான். ஆனால் எஞ்சினையும் கியர் பொக்ஸையும் இறக்கியவுடனே ஒரு சிக்கல் எழுந்தது. எஞ்சின் மொறிஸ் எஞ்சின். அதன் பின்னே பூட்டியிருந்த கியர் பொக்ஸோ ஜப்பானிய டட்சனுடையது. அதன் தாங்கிகள் தேய்ந்து இரைகின்றன.

இளைஞருக்கு மூன்று வழிகள் தோன்றின. ஒன்று, டட்சன் பொக்ஸை வீசிவிட்டு, எங்கேனும் தேடி மொறிஸுக்கு உரிய பொக்ஸைப் பூட்டுவது. மற்றொன்று, இங்கிலாந்தில் மைனர் பிரியர்கள் பலர் செய்வதுபோல, போர்ட் கொம்பனியின் ஐந்து கியர் பொக்ஸ் ஒன்றைத் தருவித்துப் பூட்டுவது. மூன்றாவது, இருப்பதைப் பழுதுபார்த்து மீண்டும் பூட்டுவது. இம்மூன்றாவதை அவர் ஒரு வழியாகவே கருதவில்லை. "கார் அசலாக இருக்கவேண்டும்" என்பது அவர் கட்சி. பழைய ஆவணம் எதனிலாவது இக்காரின் "உண்மையான சரித்திரம்" அகப்படுமா என்று என்னிடமும் கேட்டார்.

ஆவணம் கராஜின் தரையிலேயே கிடந்தது. அதனை வாசிப்பதற்கே இக்கட்டுரை.

கியர் பொக்ஸ் என்பது என்ன என்று தெமோதரை மாணவனுக்கு விளக்குவது எளிது. செங்குத்தான மலையில் புகையிரதம் நேரே ஏற முடியாது. மலைநாட்டுப் பாதையில் நாற்பத்து நான்கு அடி ஓடினால் ஓர் அடி ஏறலாம் என்பதே எல்லை. அவ்வெல்லைக்குள் நின்றுகொண்டு உயரத்தைக் கடக்க வேண்டுமாயின் ஓடும் தூரத்தைக் கூட்டவேண்டும், அதற்காகவே வளையம். சிறிய எஞ்சின் ஒன்று பெரிய மலையை ஏறுவதும் இவ்வாறே. எஞ்சின் பல சுற்றுச் சுற்ற, சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுகின்றது. வேகத்தைக் கொடுத்து வலிமையை வாங்குகின்ற வியாபாரம் அது. இந்த மைனரின் எஞ்சின் 948 கன சென்றிமீற்றர் கொள்ளளவும் 37 குதிரை வலுவும் உடையது. அதன் அசல் பொக்ஸில் முதல் கியரின் விகிதம் 3.63. பின் அச்சில் இருக்கும் டிபரன்சலின் விகிதம் 4.55. இரண்டையும் பெருக்கினால் பதினாறரை வரும். அதாவது எஞ்சின் பதினாறரைச் சுற்றுச் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். பதுளை ஏறக்குறைய 2,200 அடி உயரத்திலும் பண்டாரவளை 4,000 அடி உயரத்திலும் இருக்கின்றன. இடையில் இருக்கும் வளைவுகளிலும், பெருந்தெருவை விட்டுத் தோட்டங்களுக்கு ஏறும் கிளைப் பாதைகளிலும், அந்தப் பதினாறரைதான் காரைக் காப்பாற்றி வந்தது.

பாதைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஊவாவின் தோட்டப் பாதைகள் மோட்டார்க் காருக்காக வெட்டப்பட்டவை அல்ல. கோப்பியையும் பின்னர் தேயிலையையும் கீழே இறக்குவதற்காகத் தொழிலாளர் மண்வெட்டியாலும் அலவாங்காலும் வெட்டியவை. 1924இல் பதுளைக்குப் புகையிரதம் வந்ததும் பெட்டி பெட்டியாகத் தேயிலை இறங்கியது. கார்களும் உதிரிப்பாகங்களும் ஏறின. வேறு சிலவும் ஏறின. 1940இல் பதுளைப் பகுதியின் வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தம் குழுவை அமைத்துக்கொண்டு உரிமை கேட்டபோது, அவர்களை அடக்கப் பொலிஸ் படை ஏறிச் சென்றதும் இத்தகைய பாதைகளிலேதான்.

இனிக் காரின் பிறப்புக்கு வருவோம். 1948 ஒக்டோபர் 27ஆம் நாள் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் மோட்டார்க் கண்காட்சியில் மொறிஸ் மைனர் முதன்முதலாக மக்கள் முன் வைக்கப்பட்டது. சலூன் வகையும் திறந்த வகையும் அன்றே ஒன்றாக வந்தன. சரியாகப் பத்தொன்பது நாள்களின் பின், நவம்பர் 15இல், இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தந்தை இலங்கையில் பிறந்தவர் என்று நிரூபி. அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று நிரூபி என்றது அச்சட்டம். லயத்துக் காம்பராவில் பிறந்து லயத்துக் காம்பராவில் இறந்தவர்களிடம் பிறப்புப் பத்திரம் ஏது? ஏறக்குறைய ஏழு இலட்சம் மலையக மக்கள் நாடற்றவராயினர். மறு ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது வெறும் தேதி விளையாட்டு என்று வாசகர் எண்ணலாம். நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். ஆனால் அந்தக் காரை வகுத்த மனிதனின் வரலாற்றைப் படித்தபோது எண்ணம் மாறிற்று.

அலெக் இஸிகோனிஸ் 1906இல் சிமேர்ணா நகரில், இன்று துருக்கியிலுள்ள இஸ்மீரில், பிறந்தவர். அவருடைய பாட்டனார் பாரோஸ் தீவிலிருந்து பிழைப்புத் தேடி அந்நகருக்கு வந்த கிரேக்கர். சிமேர்ணாவிலிருந்து அய்தின் வரை ஆங்கிலேயக் கொம்பனி ஒன்று புகையிரதப் பாதை போட்டது. அப்பாதைக்காகச் செய்த வேலையின் பயனாகப் பாட்டனாருக்குப் பிரித்தானியப் பிரஜாவுரிமை கிடைத்தது. அது பிள்ளைக்கும் பேரனுக்கும் இறங்கிற்று. 1922 செப்டெம்பரில் சிமேர்ணா தீப்பற்றி எரிந்து, கிரேக்கரும் ஆர்மேனியரும் கடற்கரையில் ஆயிரம் ஆயிரமாகச் செத்த காலத்தில், பிரித்தானியப் பிரஜைகள் என்ற ஒரே காரணத்தால் இஸிகோனிஸ் குடும்பத்தாரைப் பிரித்தானியக் கப்பல் ஏற்றி மால்ற்றாவுக்குக் கொண்டு சென்றது. தந்தை அங்கே காலமானார். தாயும் மகனும் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தனர். அந்த மகன்தான் பின்னாளில் மைனரையும், அதன் பிறகு உலகப் புகழ் பெற்ற மினியையும் வகுத்தவர்.

புகையிரதப் பாதைக்கு உழைத்த பாட்டன் பேரனுக்கு ஒரு நாட்டைக் கொடுத்தான். ஊவாவின் சுரங்கங்களையும் பாலங்களையும் தேயிலை மலைகளையும் உண்டாக்கிய பாட்டன்மாரின் பேரர்களுக்கு அந்த உழைப்பு ஒரு துண்டுக் காகிதத்தைக்கூடக் கொடுக்கவில்லை. இரண்டும் பிரித்தானிய மூலதனத்தின் பாதைகளே. எதற்கு யாரை எப்படிக் கணக்கில் எடுப்பது என்பதைப் பாதை தீர்மானிப்பதில்லை, ஆட்சி தீர்மானிக்கின்றது.

இப்போது "அசல்" என்ற சொல்லைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். மைனருக்கு இஸிகோனிஸ் விரும்பிய எஞ்சின் வேறு. சிலிண்டர்கள் இருபுறமும் கிடையாகப் படுத்திருக்கும் புதுவகை. செலவு அதிகம் என்று கொம்பனி அதைக் கைவிட்டு, போருக்கு முந்திய மொறிஸ் எயிட் காரின் 918 கன சென்றிமீற்றர் எஞ்சினை எடுத்துப் பூட்டிற்று. உற்பத்தி தொடங்கும் வேளையில், கார் ஒடுங்கிக் காணப்படுகின்றது என்று இஸிகோனிஸே தம் மாதிரிக் காரை நடுவே அறுத்து நான்கு அங்குலம் அகலமாக்கினார். அச்சமயம் பம்பர்கள் செய்து முடிந்திருந்தமையால் அவற்றையும் நடுவே அறுத்துத் துண்டு வைத்து இணைத்தார்கள். எஞ்சின் மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த ஒட்டுவேலையின் தழும்புதான். 1952இல் மொறிஸ் கொம்பனியும் ஒஸ்டின் கொம்பனியும் ஒன்றாகிப் பிரிட்டிஷ் மோட்டர் கோர்ப்பரேஷன் என்று ஆனவுடன், பழைய எஞ்சினும் பொக்ஸும் போய், ஒஸ்டினின் 803 கன சென்றிமீற்றர் எஞ்சினும் அதற்குரிய பொக்ஸும் வந்து குடியேறின. 1956இல் அது 948 ஆயிற்று, 1962இல் 1098. ஆகவே நம் தெமோதரைக் காரின் "அசல்" கியர் பொக்ஸ், மொறிஸ் வீட்டில் பிறந்ததே அன்று. போட்டிக் கொம்பனியிலிருந்து மருமகளாய் வந்தது. பிறந்த நாள் தொட்டே மைனர் வெட்டி ஒட்டப்பட்ட கார். கௌலி ஆலையில் வெட்டினால் அதற்குப் பெயர் அபிவிருத்தி. பதுளைக் கராஜில் வெட்டினால் அதற்குப் பெயர் கெடுத்தல். இப்பாகுபாடு எங்கிருந்து வருகின்றது என்பதை வாசகர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் காரை இங்கே கொண்டுவந்து ஓட்டியவர் ஒரு சின்னத்துரை. அதன் இலக்கத் தகட்டில் இன்னும் ஆங்கில எழுத்துகளே இருக்கின்றன. 1958 தொடக்கத்தில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துப் பொறித்த தகடுகள் வந்தன. அதற்கெதிரான கிளர்ச்சி வடக்கு கிழக்கோடு நில்லாமல் மலையகத்துக்கும் பரவி, அவ்வாண்டு ஏப்ரலில் பொகவந்தலாவையில் இரண்டு தொழிலாளர் பொலிசாரின் குண்டுக்குப் பலியாயினர். ஒரு தகரத் தகட்டின் எழுத்துக்காக மனிதர் மாண்ட நாட்டில், காரின் இரும்பை வாசிக்கத் தெரியாமல் இருப்பது வெட்கம்.

சின்னத்துரை சீமைக்குத் திரும்பும்போது காரைத் தோட்டத்து டீமேக்கரிடம் விற்றுப் போனார். டீமேக்கருக்கு ஓட்டத் தெரியாது. இப்போது கராஜ் நடத்துகின்றவரின் பெரியப்பா ஒருவர் ஓட்டினார். லயத்துப் பிள்ளை, துரையின் காரைக் கழுவுவதில் தொடங்கி ஓட்டக் கற்றுக்கொண்டவர்.

ஓட்டுவது என்றால் இக்காலத்துக் கார் ஓட்டுவதுபோல் அன்று. பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று சேரும்முன் அவற்றின் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ என்ற அமைப்பு 1928இலேயே அமெரிக்கக் கடிலக் கார்களில் வந்துவிட்டது. எனினும் மலிவுக் காராகிய மைனரில் இரண்டாம், மூன்றாம், நான்காம் கியர்களுக்கு மட்டுமே அது உண்டு. முதல் கியருக்கு இல்லை. சமவெளியில் இது பெரிய குறையன்று; அங்கே முதல் கியர் காரைக் கிளப்புவதற்கு மட்டுமே வேண்டும். எங்கள் மலையிலோ கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கொண்டை ஊசி வளைவின் நடுவிலே, முதல் கியருக்கு இறங்கவேண்டும். கிளச்சை மிதித்து நடுநிலைக்குக் கொணர்ந்து, காலை எடுத்து, எஞ்சினை இரைய வைத்து, மறுபடி மிதித்து முதல் கியரில் தள்ளவேண்டும். இவ்வளவும் ஒரு மூச்சு நேரத்தில் நடக்கவேண்டும். கணம் பிசகினால் பற்கள் கறகறவென அரைபடும். பாடப்புத்தகத்தால் வராத வித்தை அது, காதால் வருவது. ஒருவன் பத்து வருடத்தில் கற்று இன்னொருவனுக்குப் பக்கத்தில் இருத்திக் கற்பிக்க வேண்டியது.

1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மக்களில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்பது, மூன்று இலட்சம் பேரை இலங்கை ஏற்பது, மிகுதி ஒன்றரை இலட்சத்தைப் பின்னர் பார்ப்பது என்று இரண்டு பிரதமர்கள் உடன்பட்டனர். 1974இல் அந்த மிகுதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். அம்மக்களை ஒருவரும் கேட்கவில்லை. நம் ஓட்டுநர் இந்தியாவுக்கு விண்ணப்பித்திருந்தார். அவருடைய தம்பி, கராஜ்காரரின் தந்தை, இலங்கைக்கு விண்ணப்பித்திருந்தார். ஒரே லயத்தில் பிறந்த இருவர் இரண்டு நாட்டவர் ஆயினர். எழுபதுகளின் நடுவில் அண்ணன் தன் குடும்பத்தோடு தெமோதரையில் புகையிரதம் ஏறி, தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேசுவரம் போய்ச் சேர்ந்தார். தாயகம் திரும்பியோருக்கென நீலகிரியில் தமிழ்நாட்டு அரசு அமைத்த தேயிலைத் தோட்டங்களில் ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்தது; மோட்டார் வேலை அன்று, கவாத்து வெட்டும் வேலை.

அவர் போய் ஒரு வருடம் ஆகுமுன் முதல் கியரின் பல் உடைந்தது. புதிதாக வந்த ஓட்டுநருக்கு அந்தக் காது இல்லை.

"எங்க பெரியப்பா இருந்த வரைக்கும் அந்தப் பல்லுல ஒரு கீறல் விழுந்ததில்ல சேர்" என்று கராஜ்காரர் சொன்னார். "ஆள அனுப்பிட்டாங்க. பல்லு தானா ஒடஞ்சிச்சு."

இதனைவிடச் சுருக்கமாகப் பிரஜாவுரிமைப் பிரச்சினையை எந்தப் பேராசிரியரும் எழுதியதாக நான் அறியேன்.

உடைந்த பல்லுக்கு மாற்று வாங்கலாம் என்றால் நாட்டில் சாமான் இல்லை. அதற்கும் காரணம் தேயிலைதான். தேயிலையை விற்றுக் காரும் துணியும் மருந்தும் வாங்கும் பொருளாதாரத்தை ஆங்கிலேயர் விட்டுப் போயினர். தேயிலை விலை இறங்க, வாங்கும் பொருள்களின் விலை ஏற, 1960களின் தொடக்கத்திலேயே அந்நியச் செலாவணி வற்றிற்று. கார் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. எழுபதுகளில் அது மேலும் இறுகிற்று. அயல்நாடுகள் வேறு வழிகளில் சென்றன. இந்தியாவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மொறிஸ் மைனரையே 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் செய்தது. பின்னர் மொறிஸ் ஒக்ஸ்போர்டை அம்பாசிடர் ஆக்கியது. ஜப்பானில் நிசான் கொம்பனி 1952இல் ஒஸ்டினுடன் உடன்படிக்கை செய்து, ஒஸ்டின் கார்களை முதலில் பூட்டவும், பின்னர் ஒவ்வொரு பாகமாகத் தானே வார்க்கவும் கற்றுக்கொண்டது. நாம் வாங்கினோம், வாங்க முடியாதபோது ஒட்டுப்போட்டோம். ஒட்டுப்போட்டதை நான் இகழ்ச்சியாகச் சொல்லவில்லை. உற்பத்தி மறுக்கப்பட்ட நாட்டின் தொழில்நுட்ப அறிவெல்லாம் பழுதுபார்ப்பதிலே திரண்டது என்பதையே சொல்லுகின்றேன்.

அந்த உடைந்த பல்லைத் தம்பி எப்படிச் சரிசெய்தார் என்பதை இன்றும் பார்க்கலாம். பழைய பொக்ஸ் கராஜின் மேசைக்கடியில் எண்ணெய்ப் பீப்பா ஒன்றின் பக்கத்தில் இருக்கின்றது. சக்கரத்தைச் சூடேற்றி இளக்கி, பல் இருந்த இடத்தில் துளையிட்டு மூன்று உருக்கு ஆணிகளை முறுக்கி இறக்கி, அவற்றின்மேல் வெல்டிங் செய்து நிரப்பி, அரத்தால் அராவி அராவிப் பல்லின் வடிவத்துக்குக் கொண்டுவந்திருக்கின்றார். பக்கத்துப் பற்களோடு அதனை ஒப்பிட்டுப் பார்த்தேன். விரலுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆயினும் வித்தியாசம் உண்டு. ஆலையில் கொடுத்த கடினம் அந்த இரும்பில் இல்லை. சில காலம் ஓடிற்று; பிறகு மறுபடி சிதைந்தது. அதன் பின் டீமேக்கரின் கார் இரண்டாம் கியரிலேயே கிளம்பியது. ஏற்றத்தில் நின்றுவிட்டால் பாடசாலைப் பிள்ளைகள் தள்ளினார்கள்.

1977இன் பின் இறக்குமதி திறந்தது. திறந்த வாயிலால் வந்தவை என்னென்ன, போனவை என்னென்ன என்பது தனிக் கட்டுரைக்குரியது. டட்சன் சனி கார்கள் வந்தன என்பதே இங்கு வேண்டியது. 1981 அளவில், விபத்தில் நொறுங்கிய சனி ஒன்றின் நாலு கியர் பொக்ஸ் தம்பியின் கைக்கு வந்தது. எல்லாக் கியருக்கும் சிங்க்ரோ உள்ள பொக்ஸ். ஒஸ்டின் எஞ்சினையும் டட்சன் பொக்ஸையும் இணைக்க இடையில் ஒரு தகடு வேண்டும். அதன் நடுத்துளை எஞ்சின் அச்சோடு மயிரிழை பிசகாமல் ஒத்து நிற்கவேண்டும். பிசகினால் தாங்கி சில மாதத்தில் பொடியாகும். தடித்த உருக்குத் தகடொன்றைத் தோட்டத்துத் தேயிலை ஆலையின் லேத்தில் ஏற்றிக் கடைந்தார். எஞ்சின் அச்சின் நுனியில் டட்சன் தண்டு உட்காரப் பித்தளைப் புஷ் ஒன்று கடைந்தார். கிளச்சுத் தட்டின் நடுப்பகுதியைக் கழற்றி டட்சன் தட்டின் நடுப்பகுதியை அறைந்தார். புரொப்பெலர் ஷாப்டை வெட்டி இரண்டு குலத்தையும் ஒட்டினார். ஒஸ்டினிடம் கற்ற மாணவனின் பொக்ஸ், ஒஸ்டினின் எஞ்சினோடு தெமோதரையில் வந்து சேர்ந்தது.

1983 யூலையில் பதுளை நகரம் எரிந்தது. நகரில் இருந்த அவருடைய கராஜும் எரிந்தது. ஆயுதங்கள் போயின; அளவுகள் எழுதி வைத்த கொப்பியும் போயிற்று. கார் அன்று தோட்டத்தில் நின்றமையால் தப்பியது. அவர் தெமோதரைக்கு வந்து மறுபடி தொடங்கினார். ஆகவே அவர் கைவேலைக்கு இன்று எஞ்சியிருக்கும் ஒரே எழுத்து அந்தத் தகடுதான்.

இவ்வளவையும் கேட்ட பின்னும், உணர்ச்சியை ஒருபுறம் வைத்துவிட்டு, பொறியியலைக் கொண்டே தேர்வை நிறுத்துப் பார்ப்போம் என்று இளைஞரிடம் சொன்னேன். சரித்திரத்தின் பெயரால் கெட்ட பொக்ஸைச் சிபாரிசு செய்ய எனக்கு உரிமை இல்லை.

போர்ட் பொக்ஸை எடுத்துக்கொள்வோம். சியெரா கார்களில் வந்த 'டைப் 9' என்னும் இப்பொக்ஸ் உறுதியானது. எல்லாக் கியருக்கும் சிங்க்ரோ உண்டு. ஐந்தாம் கியரின் விகிதம் 0.82; இங்கிலாந்தின் நெடுஞ்சாலைகளில் எஞ்சினுக்கு ஓய்வு கொடுக்க அது உகந்தது. தெமோதரைக்கும் ஹாலிஎலைக்கும் இடையில் ஐந்தாம் கியரை எங்கே போடுவது? அதனினும் முக்கியமானது இரண்டாம் கியர். நம் காரின் அசல் பொக்ஸில் அதன் விகிதம் 2.37, போர்ட்டில் 1.97. டிபரன்சலோடு பெருக்கினால் முன்னதில் எஞ்சின் ஏறத்தாழ 10.8 சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று. பின்னதில் ஒன்பது சுற்றுக்கு. மலையில் மைனர் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இரண்டாம் கியரிலேதான் கழிக்கின்றது. அங்கே ஆறில் ஒரு பங்கு இழுவை குறைந்தால், 37 குதிரைகளும் மூச்சுத் திணறும். ஓட்டுநர் ஓயாமல் முதல் கியருக்கு இறங்கவேண்டிவரும். இறக்கத்திலும் இதே கதை. சிறிய டிரம் பிரேக்குகளைச் சூடேறாமல் காப்பது தாழ்ந்த கியரில் எஞ்சின் கொடுக்கும் தடைதான். பிறர் சாலைக்கு வகுத்த பொக்ஸ் நம் சாலைக்கு ஆகாது.

மேலும் இது திறந்த கார். சலூன் காரில் கூரையும் சேர்ந்து உடலைத் தாங்கும். இதற்குக் கூரை துணி. பாரமெல்லாம் தளத்திலும் இரு பக்கத்து அடிச்சட்டங்களிலும் நிற்கின்றது. அதனாலேயே ஆலையிலும் திறந்த வகைக்கு அடியில் மேலதிக வலுத்தகடுகள் கொடுத்தார்கள். பெரிய பொக்ஸுக்கு இடம் காண இதன் அடியை வெட்டுவது, முதுகெலும்பைச் சீவுவதற்கு ஒப்பாகும். துருவெட்டும் வேலை தொடங்குமுன், கதவு இடைவெளி மாறாதபடி உள்ளே இரும்புக் குழாய் கொடுத்து இறுக்கிய பிறகே கராஜ்காரர் அடிச்சட்டத்தைத் தொட்டார். அந்த நிதானம் ஒன்றே அவருடைய தொழிலறிவுக்குப் போதிய சான்று. இதற்கு வேண்டிய புதுத் தகடுகளைப் பற்றியும் ஒரு சுவையான செய்தி உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் கார்களைப் புதுப்பிக்கும் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேர் என்பவர், 1990களில் மைனரின் உடற்பாகங்களை இலங்கையில் செய்வித்து இங்கிலாந்துக்கு இறக்குமதி செய்தார். ஆங்கிலேயனின் "அசல்" மைனர் பலவற்றின் வயிற்றில் இலங்கைத் தொழிலாளி அடித்த தகடு இருக்கின்றது. அதனை அங்கே எவரும் அசலுக்குக் கேடு என்று வெட்டி எறிந்ததாகத் தெரியவில்லை!

அசல் மொறிஸ் பொக்ஸ்? கிடைத்தால் பூட்டலாம், காரும் நன்றாகவே ஏறும். ஆனால் முதல் கியருக்குச் சிங்க்ரோ இல்லை. அதனை ஓட்டும் காது இராமேசுவரம் வழியாகப் போய்விட்டது. தேடிக் கிடைப்பதும் அறுபது வருடம் தேய்ந்த ஒன்றாகவே இருக்கும். 2020 தொடக்கம் 2025 வரை வாகன இறக்குமதி மறுபடியும் நின்றிருந்த காலத்தில், பழைய பாகங்களுக்கு என்ன பாடு பட்டோம் என்பது எல்லோர்க்கும் நினைவிருக்கும். டட்சன் பொக்ஸுக்கோ தாங்கிகள் கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் இன்றும் அகப்படுகின்றன. அதற்காகக் காரின் உடல் எங்கும் வெட்டப்படவில்லை. போல்ட்டுகளைக் கழற்றினால் நாளைக்கே வேறொன்றைப் பூட்டலாம். வருங்காலத்தவர் வேறு முடிவெடுக்க இடம் விட்டு வைப்பதுதான் பழம்பொருள் பேணுவோரின் நெறி. அந்நெறிக்கு அமைந்த வேலையை 1981இல் ஒரு கராஜ்காரர் நெறி என்று அறியாமலே செய்திருக்கின்றார்.

இளைஞர் நெடுநேரம் பேசவில்லை. "அப்படியானால் பார்ப்பவர்கள் இது கலப்புக் கார் என்று சொல்வார்களே" என்றார்.

கராஜ்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, "இந்தப் பொக்ஸு இங்கிலீஸ்காரன் போட்டது இல்லதான் தம்பி. எங்க அப்பா போட்டது. கௌலியில அது ஓடினது ஒரு நாளோ ரெண்டு நாளோ, இங்க ஓடினது இத்தன வருசம்" என்றார்.

மறுவாரம் இளைஞர் பஞ்சிகாவத்தைக்குப் போய்த் தாங்கிகளும் சிங்க்ரோ வளையங்களும் வாங்கி வந்தார். பல்லில் ஆணி அடித்த பழைய சக்கரத்தைத் தம்மிடம் தரும்படி கேட்டாராம், கராஜ்காரர் கொடுக்கவில்லை.

தகடு மட்டும் சில நாள் வெளியே இருந்தது. மறுபடி பூட்டிவிட்டால் இன்னும் நாற்பது வருடத்துக்கு எவரும் அதனைக் காணப்போவதில்லை. ஆதலால் பத்தாம் வகுப்பு மாணவர் நால்வரை அழைத்துச் சென்று, வேர்ணியர் அளவுகோலைக் கொடுத்து, வரைபுத்தாளில் அதன் படத்தை அளவோடு வரையச் செய்தேன். எரிந்துபோன கொப்பிக்கு ஈடாக ஒன்று இருக்கட்டும் என்பது எண்ணம். துளைகளின் இடைவெளிகளை அவர்கள் ஒவ்வொன்றாக அளந்து குறித்தார்கள். விளிம்பின் ஓரிடத்தில் தவறாகத் துளையிட்டு, பின்னர் வெல்டிங்கால் அடைத்து அராவிய வடு ஒன்று இருந்தது. லயத்திலிருந்து வரும் சிறுமி ஒருத்தி அதனைக் கண்டுபிடித்து, "இதையும் வரையணுமா சேர்?" என்று கேட்டாள். வரையச் சொன்னேன்.